தோடர் கலையில் எருமை: எமன் வாகனமா, பாலெருமையா?

பிறைநிலா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். உதகையில் ஒரு சிறிய காட்சிக்கூடத்துக்குப் படவிளக்கம் எழுத வேண்டும். படங்கள் நான்கு.

1) தோடர் (நீலகிரியில் எருமை வளர்க்கும் பழங்குடியினர்) போர்த்தும் பூவேலைத் துணியான பூத்துக்குளியில் வரும் கொம்பு வடிவம்.
2) தோடர் பால் கடைந்து வழிபடும் பால்கோயிலின் முகப்புச் சுவரில் எருமைத் தலை, பக்கத்தில் சூரியனும் பிறையும்.
3) நீலகிரிக் கற்குவைகளில் (கல் குவித்த பழைய ஈமச்சின்னங்கள்) கிடைத்த மண்கல மூடியின் மேல் நிற்கும் எருமை.
4) சோலூர்ப் பக்கத்துக் கல்திட்டையில் (கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடிய பழைய நினைவுச்சின்னம்) உள்ள சிற்பம். அதிலும் ஒரு மாடு இருக்கிறது.

இப்போது இருக்கும் வரைவில் நான்குக்கும் ஒரே வாசகம்தான்: "எருமை: வலிமை, ஆண்மை, வளமை ஆகியவற்றின் சின்னம், எமதர்மனின் வாகனம்." ஒவ்வொரு பலகைக்கும் நாற்பது சொல் வரை இடம் உண்டு. எதைக் கழிப்பது, எதைச் சேர்ப்பது?

கற்குவை

முதலில் நான்காவது படத்தை இந்த வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். அது எருமையே இல்லை. திமில் தெரிகிறதா பாருங்கள். தோளுக்கு மேல் ஒரு மேடு எழும்பியிருந்தால், கழுத்துக்குக் கீழே அலைதாடி மடிந்து தொங்கினால், அது காளை அல்லது பசு. எருமைக்குத் திமிலும் கிடையாது, தொங்கும் அலைதாடியும் கிடையாது. முதுகு நேராக ஓடி இடுப்பில் இறங்கும்.

மேலூர், சோலூர், அச்சனை ஆகிய இடங்களில் இருக்கும் சிற்பக் கல்திட்டைகளைச் சமவெளி நடுகல்லைப் போலவே கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் சண்டை, நடுவில் வீரனைத் தேவமகளிர் அழைத்துப் போவது, உச்சியில் இலிங்க வழிபாடு. அடித்தட்டில் மாடு நின்றால் அது ஆநிரை. உச்சித் தட்டில் இலிங்கத்துக்கு எதிரே கால் மடக்கிப் படுத்திருந்தால் நந்தி. மாடு ஒன்றுதான், தட்டு மாறினால் பொருள் மாறிவிடும். தட்டைச் சொல்லாமல் "மாடு, வளமையின் சின்னம்" என்று எழுதுவது வீண்.

மேய்ச்சல்காடு

கற்குவை சொன்னது சரி. மற்ற மூன்றிலும் பெரிய பிழை "ஆண்மை" என்ற சொல்தான்.

தோடர் வழிபாட்டில் மதிப்பெல்லாம் பாலெருமைக்கு. கோயில் மந்தை என்றால் பால் தரும் எருமைகளின் மந்தை. கடாவுக்கு அந்தப் புனிதம் இல்லை. இனவிருத்திக்குத் தேவையானது போக மீதிக் கடாக்கன்றுகளை நீலகிரியின் இன்னொரு பழங்குடியினரான கோத்தருக்குக் கொடுத்துவிடுவதே பழைய வழக்கம். எமன் ஏறுவது கடா. மகிஷன் கடா. மாமல்லபுரத்தில் கொற்றவை மிதித்து நிற்பதும் கடாவின் தலை. சமவெளித் தமிழ்க் கண்ணுக்கு எருமைக்கொம்பு தெரிந்ததும் இந்த மூன்றும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கண்ணோடு முகப்புச் சுவரைப் பார்த்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

அடுத்து, அந்த மாடு என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். தோடர் எருமை ஏர் இழுக்காது, வண்டி இழுக்காது, பொதி சுமக்காது. அதனால் படத்தில் நுகம், மூக்கணாங்கயிறு, சேணம் எதுவும் இருக்காது. அதன் வேலை பால் ஒன்றுதான். ஈத்துக்கு ஏறக்குறைய 500 லிட்டர்தான் கறக்கும், ஆனால் கொழுப்பு 8 விழுக்காடு. அந்தப் பாலைத் தயிராக்கி, கடைந்து, வெண்ணெய் எடுத்து உருக்குகிற கட்டடமே கோயில். கறப்பவரே பூசாரி. உழைக்கிற விலங்கைப் பற்றிய கலை என்றால் நம் ஊரில் ஏரும் வண்டியும்தான் கண்ணில் நிற்கும். இங்கே உழைப்பின் அடையாளம் மடியும் மத்தும். சுவரில் மடி இல்லையே என்று கேட்காதீர்கள், தலையைப் போட்டாலே முழு மாட்டையும் சொன்னதாகிவிடும்.

நாலுகால்

தலை மட்டும் போட்டிருக்கும்போது கடாவா பாலெருமையா என்று எப்படிச் சொல்வது? இரண்டுக்கும் கொம்பு உண்டே.

மேய்ச்சல்காடு

தலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கடாவின் கொம்பு அடியில் தடித்திருக்கும், பெண் எருமையின் கொம்பு ஒல்லியாக நீளும் என்பார்கள். அது உயிர் மாட்டுக்குப் பொருந்தும். சுவரில் செதுக்குபவர் தடிமனைத் தம் வசதிக்கு வைத்திருப்பார். அதனால் இடத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பால் கடையும் வீட்டின் முகப்பில் இருக்கிற தலை, அந்த வீட்டுக்குப் பால் தருகிற மந்தையின் தலை.

இனத்தை மட்டும் கொம்பை வைத்துச் சொல்லலாம். தோடர் எருமையின் கொம்பு நெற்றியின் இரு ஓரத்தில் அகலமாகத் தொடங்கி, வெளியே ஓடி, மேலே வளைந்து, நுனி உள்ளே திரும்பும். நேர் எதிரே நின்று பார்த்தால் பிறை. பின்னால் படிந்து சுருளும் கொம்பை வரைந்திருந்தால் அது முர்ரா என்ற வட இந்திய எருமை இனம். சுற்றுலாக் கடைப் பலகைகளில் பாதிக்கு மேல் முர்ராதான் நிற்கிறது! நிறமும் அப்படியே: கரிக்கறுப்பு அடித்துவிடுகிறார்கள். தோடர் எருமை சாம்பலும் வெளிர்பழுப்பும் கலந்தது, கன்று இன்னும் வெளிறியிருக்கும். தொண்டைப் பக்கமும் நெஞ்சிலும் வெளிறிய பட்டை உண்டு.

ஊசிநூல்

சுவருக்கு நீங்கள் சொன்ன கொம்புக் கணக்கைப் பூவேலைக்குக் கொண்டுவர வேண்டாம். அங்கே வளைவே கிடையாது.

பூத்துக்குளித் துணி முரட்டுப் பருத்தி, அரைவெள்ளை. நெய்யும்போதே சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள் வந்துவிடும். அந்தப் பட்டைகளுக்கு இடைப்பட்ட வெளியில்தான் ஊசி ஓடும். சட்டம் மாட்டுவதில்லை, பென்சிலால் கோடு போடுவதில்லை, வடிவம் முழுவதும் இழை எண்ணி வருவது. சிவப்பு, கறுப்புக் கம்பளி நூல். ஊசி ஊடைக்கு (குறுக்கு இழை) இணையாக ஓடி, பாவு (நெடுக்கு) இழைகளை எண்ணி, இத்தனை மேலே இத்தனை கீழே என்று போகும். வேலை துணியின் பின்பக்கத்தில் நடக்கிறது. திரும்புகிற இடத்தில் நூலை இறுக்காமல் விரலால் கொஞ்சம் தளர்த்தி விட, முன்பக்கத்தில் கண்ணி மேலெழுந்து நிற்கும். துணிக்கு அந்த மேடுபள்ளம் வருவது அதனால்தான்.

வரிசைக்கு வரிசை ஒன்றிரண்டு இழை தள்ளிப் போட்டால்தான் சாய்கோடு வரும். ஆகவே பூத்துக்குளியில் கொம்பு என்றால் படிக்கட்டு. ஏறி, கொஞ்சம் நேராக நின்று, உள்ளே இறங்கும். இதைப் பார்த்துவிட்டு "கொம்பைக் கோணமாக்கியது தாந்திரிக முக்கோணத்தைக் குறிக்கிறது" என்று எழுதினால் சிரிப்பு வரும். கோணம் நெசவு கொடுத்தது. ஊடைக்கு இணையாக ஓடுகிற ஊசி வட்டம் போடாது.

காட்சிக்கூடத்துக்கு வருபவர்களுக்கு இதை நேரில் காட்ட எளிய வழி உண்டு. ஒரு கட்டத்தாள் போதும்.

கீழ் வரிசையில் நடுவே 4 கட்டம் விடுங்கள், அது நெற்றி. அதன் இரு பக்கமும் மும்மூன்று கட்டம் நிரப்புங்கள், அது கொம்பின் அடி. அதற்கு மேல் 8 வரிசைக்கு, ஒவ்வொரு வரிசையிலும் இரு பக்கமும் ஒரு கட்டம் வெளியே தள்ளி மும்மூன்றாக நிரப்புங்கள். நடு வெளி 20 கட்டமாகியிருக்கும். அடுத்த 3 வரிசை தள்ளாமல் நேராக. கடைசி 5 வரிசை ஒவ்வொன்றாக உள்ளே. நுனிகளுக்கு இடையே 10 கட்டம் நிற்கும். மொத்தம் 17 வரிசை. அங்குலத்துக்கு 24 இழை உள்ள துணி என்றால் உயரம் முக்கால் அங்குலத்துக்கும் குறைவு, அகலம் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே.

எங்கே கெடும்: வரிசைக்கு இரண்டு கட்டம் தள்ளினால் கொம்பு படுத்துப் பறவை இறக்கையாகிவிடும். உள்ளே திரும்புவதை 10 வரிசைக்கு இழுத்தால் நுனிகள் ஒட்டிச் சாய்சதுரம் வந்துவிடும், கொம்பு காணாமல் போகும். 17 வரிசையில் ஒரே ஒரு வரிசையில் எண்ணிக்கை தவறினாலும் அங்கிருந்து மேலே முழுக்க ஒரு பக்கம் சாயும். துணியில் அதைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும், மேலே சரிக்கட்ட முடியாது.

குந்தாமழை

ஊசிநூல், அப்படியானால் அது கொம்புதான் என்பதற்கு என்ன உறுதி? படிக்கட்டுக் கோடு எந்த ஊர்ப் பாயிலும் உண்டு, கூடையிலும் உண்டு. வெறும் அலங்காரத்துக்கு நாமாகப் பெயர் வைத்துவிட்டு, பிறகு அந்தப் பெயருக்குப் பொருளும் தேடுகிறோம் என்று எனக்குப் படுகிறது.

ஊசிநூல்

வடிவத்தை மட்டும் வைத்துச் சொன்னால் உங்கள் சந்தேகம் நியாயம். ஆனால் பெயர் நாம் வைத்தது இல்லை. பூவேலை செய்கிற தோடப் பெண்களே கொம்பு, முயல் காது, பாம்பு, அணில் என்று வடிவங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பூவேலை வடிவத்துக்குப் பழைய பூசாரி ஒருவரின் பெயரே இருக்கிறது. பெயர் உள்ள வடிவம் வெறும் அலங்காரம் ஆகாது.

அதற்காக எல்லாப் படிக்கட்டும் கொம்பு என்றும் நான் சொல்லவில்லை. ஓரத்தில் வரிசையாக ஓடும் சிறு கூர்முனைகளைக் கொம்பு என்று எழுதிவிடுகிறார்கள், அவை பெரும்பாலும் முயல் காது. நடைமுறையில் செய்ய வேண்டியது: துணியைச் செய்தவரிடம், எந்தப் பக்கம் மேல் என்று முதலில் கேளுங்கள். பிறகு பெயர் கேளுங்கள். "இது கொம்புதானே?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். "இதற்கு என்ன பேர்?" என்று மட்டும் கேளுங்கள்.

படத்தைப் பற்றியும் ஒன்று. துணியைத் தலைகீழாக மாட்டிப் படம் எடுத்தால் கொம்பு கீழ்நோக்கித் தொங்கும், அதற்கு ஒரு சோகக் கதையும் எழுதிவிடுவார்கள். முன்பக்கமா பின்பக்கமா என்றும் பார்க்க வேண்டும். எண்ணிப் போட்ட தையல் என்பதால் ஒரு பக்கம் நூல் இருக்கும் இடம் மறுபக்கம் வெற்றிடம். கொம்பு வெளியாகும், வெளி கொம்பாகும். விரலால் தடவிக் கண்ணி எழும்பியிருக்கும் பக்கத்தை மேலே வையுங்கள்.

குந்தாமழை

பெயர் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். பெயர் இருந்தால் பொருளும் இருக்கும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாழைப்பூ பார்டர் போட்ட சேலையில் வாழைப்பூவுக்கு என்ன தத்துவம்?

ஊசிநூல்

வாழைப்பூச் சேலையைப் போர்த்தி யாரையும் வழியனுப்புவதில்லை. தோடர் இறந்தவருக்குப் போர்த்துவது பூவேலை செய்த பூத்துக்குளி. அந்த இடத்தில் நம் இருவருக்கும் ஒத்துப்போகாது என்று நினைக்கிறேன், விடுங்கள்.

பிறைநிலா

ஒரு நிமிடம். இறந்தவருக்குப் போர்த்தும் துணியில் எருமைக் கொம்பு, சாவுச் சடங்கில் எருமைப் பலி. அப்படியானால் "எமன்" என்று எழுதியவர் முற்றிலும் தவறு இல்லையோ? சாவோடு தொடர்பு இருக்கிறதே.

மேய்ச்சல்காடு

தொடர்பு இருக்கிறது, ஆனால் திசை வேறு. எமனின் கடா உயிரைக் கொண்டுபோக வருகிறது. தோடர் சாவில் எருமை, இறந்தவரோடு கூடப் போகிறது.

தோடர் மரபில் இறந்தவர் போகும் உலகம் அம்நோர், மேற்கே இருப்பது. இங்கே இரவாகும்போது அங்கே வெயில். அங்கேயும் மந்தை உண்டு, பால் உண்டு, பால்கோயில் உண்டு. அந்த வாழ்க்கைக்கு எருமை வேண்டும் என்பதால்தான் சாவில் எருமை. அதுவும் பாலெருமை. கழுத்தில் மணி கட்டி, ஆண்கள் பாய்ந்து கொம்பைப் பிடித்து அடக்கி, இறந்தவரின் பக்கத்துக்குக் கொண்டுவருவதை 1901-02ல் இங்கே தங்கிக் களஆய்வு செய்த பிரிட்டிஷ் மானிடவியலாளர் ரிவர்ஸ் விரிவாகப் பதிந்திருக்கிறார். இதில் தண்டனையும் பயமும் இல்லை, மறுவுலகத்துக்கான சீர் இருக்கிறது.

தோற்றக் கதையும் இதையே சொல்கிறது. ஓன் என்ற தெய்வம் குந்தா மலையின் உச்சியில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஓர் இரும்புக் கம்பியை வைத்தது. அதன் ஒரு முனையில் நின்று மண்ணுக்குள்ளிருந்து 1600 எருமைகளை வெளியே வரவைத்தது. ஓனின் மனைவி முயன்றபோது 1800 வந்தன. ஓனின் எருமைகளில் கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் மண்ணிலிருந்து வெளியே வந்தான். அவன்தான் முதல் தோடன். ஓனின் எருமைகளின் வழிவந்தவை கோயில் மந்தை, மனைவியின் எருமைகளின் வழிவந்தவை வீட்டு மந்தை.

அந்த வாலைக் கவனியுங்கள். மனிதன் எருமையை ஓட்டிக்கொண்டு வரவில்லை, எருமை அவனை இழுத்துக்கொண்டு வந்தது. இந்தக் கதைக்கு மேல் "மனிதன் அடக்கிய விலங்கு, வலிமையின் சின்னம்" என்று எழுதினால் ஒட்டாது. வரும்போதும் எருமையின் பின்னால், போகும்போதும் எருமையோடு.

நாலுகால்

மணி பற்றி ஒரு சேர்க்கை. பால்கோயில்களுக்குள் இருக்கும் புனித மணிகளில் பெரும்பாலானவற்றுக்கு நாக்கு கிடையாது, ஆட்டினால் ஓசை வராது. வழிபாட்டில் அவற்றின் மேல் பாலும் தயிரும் வைப்பார்கள். ஓவியத்தில் மணியைக் கண்டதும் "இசை", "அழைப்பு" என்று எழுதக் கூடாது.

கற்குவை

மூன்றாவது படத்துக்கு வருகிறேன். மணிக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் 1871-72ல் கற்குவைகளைத் தோண்டினார். நீலகிரிக் கற்குவைப் பொருள்கள் சில இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். எழும்பூர் அருங்காட்சியகத்திலும் நீலகிரிக் கலங்கள் உண்டு. அடுக்கடுக்காக உயர்ந்த கலம், அதன் மேல் மூடி, மூடியின் பிடியாக ஒரு உருவம். எருமைகள் நிறைய, சிலவற்றின் கழுத்தில் மணி. இதை வைத்துத்தான் கற்குவைகள் தோடரின் முன்னோருடையவை என்று அந்தக் காலத்தில் வாதம் எழுந்தது.

எதிர்வாதமும் வலுவானது. அதே மூடிகளில் குதிரை மேல் ஆள் இருக்கிறார், யானை இருக்கிறது, நாய் இருக்கிறது. குவைக்குள் இரும்பு ஆயுதங்கள், பொன் நகைகள். தோடர் பானையும் செய்வதில்லை, இரும்பும் அடிப்பதில்லை, இரண்டும் கோத்தரிடமிருந்து வந்தவை. ஆகவே பலகையில் "தோடர் கலை" என்று போடாதீர்கள். "நீலகிரிக் கற்குவை மண்கல மூடி" என்று மட்டும் போடுங்கள். அந்த எருமைக்கு அம்நோர்க் கதையை ஏற்றவும் வேண்டாம். ஈமப்பொருளோடு வைத்த எருமை உருவம் என்பதுவரை உறுதி, அதோடு நிறுத்துங்கள்.

மூடியைப் பார்க்கும்போது எங்கே ஏமாறுவோம் என்றால், கொம்பு மண்ணைத் திரித்து ஒட்டியது, நுனிதான் முதலில் உடையும். பாதிக் கொம்போடு நிற்கும் எருமையைக் காளை என்று பதிந்துவிடுவார்கள். முறிந்த இடம் சொரசொரப்பாக, நிறம் வேறாக இருக்கும். அப்படியிருந்தால் கொம்பு இன்னும் நீண்டிருந்தது என்று பொருள். திமில் இல்லாததை வைத்து முடிவுசெய்யுங்கள்.

கல்திட்டைப் படம் மங்கலாக இருக்கிறது, திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். காலை 8 மணிக்கு முன், அல்லது மாலை 4க்குப் பின். உள்ளே வெயில் புகாத கல்திட்டை என்றால் கேமராவை முக்காலியில் அசையாமல் வைத்து, டார்ச்சைக் கல்லின் பரப்புக்கு 10 முதல் 15 டிகிரி சாய்வில் பிடித்து, இடம், வலம், மேல், கீழ் என நான்கு படம். ஒரே பக்க வெளிச்சத்தில் எடுத்தால் அந்த வெளிச்சத்துக்கு இணையாக ஓடும் கோடுகள் மறைந்துபோகும். திமில் அப்படித்தான் தொலைகிறது. படத்துக்குள் 10 செ.மீ. அளவுகோல். மழை விட்ட உடனே எடுக்காதீர்கள், ஈரத்திட்டும் செதுக்கும் ஒன்றாகத் தெரியும்.

சாக்குக்கட்டி, மாவு, எண்ணெய், எதையும் தடவக் கூடாது. சாக்கு கல்லின் துளைகளில் இறங்கிவிடும், அடுத்து வருபவர் முன்னவர் போட்ட கோட்டைத்தான் படிப்பார். பாசியையும் சுரண்டாதீர்கள், கல்லின் மேல்தோலும் சேர்ந்து வரும். பல கல்திட்டைகள் இன்றும் வழிபாட்டில் இருப்பவை. ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

நாலுகால்

சூரியனும் பிறையும் நடுகல்லிலும் இருக்கிறதே, பால்கோயில் சுவரிலும் இருக்கிறதே? ஒரே பொருளா?

கற்குவை

நடுகல்லில் அவை "சந்திர சூரியர் உள்ளவரை இந்தப் புகழ் நிற்கும்" என்ற உறுதிமொழி, கல்வெட்டிலேயே அந்தத் தொடர் வரும். பால்கோயில் சுவருக்கு மேய்ச்சல்காடு சொல்லட்டும்.

மேய்ச்சல்காடு

தோடர் சூரியனைப் பார்த்து, வலக்கையை முகத்துக்கு நேரே உயர்த்தி வணங்குவது உண்டு. விளக்குக்கும் அதே வணக்கம். அன்றாட வழிபாட்டில் இருப்பது சுவரில் ஏறியிருக்கிறது. நடுகல் பொருளை அங்கே கொண்டுபோக வேண்டாம். பிறைக்கும் கொம்புக்கும் வடிவ ஒற்றுமை இருப்பதால் "கொம்பே பிறை" என்று எழுதுபவர்கள் உண்டு. கண்ணுக்கு அழகான ஒப்புமை, ஆனால் தோடரே அப்படிச் சொல்வதாக எழுதாதீர்கள்.

பிறைநிலா

எல்லாருக்கும் நன்றி. திருத்திய வாசகங்கள்:

1) "பூத்துக்குளி. முரட்டுப் பருத்தியில் இழை எண்ணிப் போட்ட கம்பளிப் பூவேலை. வளைந்த எருமைத் தலை இங்கே படிக்கட்டுக் கோடாகிறது. இழை எண்ணும் தையலில் வட்டம் வராது. தோடர் பூவேலை 2013 முதல் புவிசார் குறியீடு பெற்றது."

2) "பால்கோயில் முகப்பு. கதவு சிறியது, குனிந்தே நுழைய வேண்டும். உள்ளே பால் கடைவதே வழிபாடு. சுவரில் இருப்பது பால் தரும் எருமையின் தலை. எமனின் கடா அல்ல."

3) "நீலகிரிக் கற்குவை மண்கல மூடி. பிடியாக எருமை உருவம். ஈமப்பொருள்களோடு வைக்கப்பட்டது."

4) "கல்திட்டைச் சிற்பம். திமிலுள்ள மாடு. எந்தத் தட்டில் நிற்கிறது என்று பாருங்கள்: அடியில் என்றால் ஆநிரை, உச்சியில் என்றால் நந்தி."

குந்தாமழை

நான்காவதில் படத்தில் இருப்பது எந்தத் தட்டு என்று நீங்களே சொல்லிவிடுங்கள், பார்வையாளருக்குப் பரீட்சை வைக்காதீர்கள்.

ஊசிநூல்

முதலாவதில் "எருமைத் தலை" என்று போட்டிருக்கிறீர்கள். பூவேலையில் தலை கிடையாது, கொம்பு மட்டும்தான். தலை சுவரில் இருப்பது. மாற்றிவிடுங்கள். படத்தையும் ஒருமுறை பாருங்கள், கொம்பு கீழ்நோக்கி இருக்கிறது.

பிறைநிலா

இரண்டையும் மாற்றிவிட்டேன். படம் தலைகீழாகத்தான் இருந்தது.